தடைக்காலத்தில் மீனவ ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆமைப் படம்: எங்கே, எப்படித் திரையிடுவது?

நெய்தல்மணல்

நாகை மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்குப் படம் போட ஏற்பாடு நடக்கிறது. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் நான்கு சனிக்கிழமை மாலைகள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 100-120 பேர். விசைப்படகு கரையில் நிற்கும் நேரம் என்பதால் அப்பாக்களும் வருவார்கள். பொருள்: பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை), இழுவை மடி (விசைப்படகு இழுத்துச் செல்லும் பை வலை), கரை ஒதுங்கும் குப்பை. கையில் 3,200 லூமன் ப்ரொஜெக்டரும் ஒரு லேப்டாப்பும் இருக்கின்றன. திரை இல்லை. மைக்செட் வாடகைக்கு எடுக்க வேண்டும். கடற்கரை மணலிலேயே திரை கட்டலாம், காற்றோட்டமாக இருக்கும் என்று ஊர் இளைஞர்கள் சொல்கிறார்கள். இதில் எங்கெங்கே தவறும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சவுக்குத்தோப்பு

முதலில் அந்த மணலை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பங்குனி ஆமை நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடுகிறது. குஞ்சு பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். மார்ச் கடைசியில் இட்ட முட்டை மே மாதம் வரை மணலுக்குள் இருக்கும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, ஆனால் எல்லாக் கூடும் கண்ணில் படுவதில்லை. குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். வந்தவுடன் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம். நீங்கள் ஒரு வெள்ளைத் திரையில் ஒன்றரை மணி நேரம் வெளிச்சம் அடித்தால் அது உங்கள் பக்கம் ஆகிவிடும். ஆமையைக் காப்பாற்றச் சொல்லும் படமே குஞ்சை ஊருக்குள் இழுத்து நாய்க்கும் காக்கைக்கும் கொடுத்துவிடும்.

ஊருக்குள் போடுங்கள். வலை பின்னும் கூடம், ஏலக்கூடம், பள்ளி மைதானம், புயல் பாதுகாப்பு மையத்தின் பக்கச்சுவர், எது வேண்டுமானாலும் சரி. திரையின் முகம் மேற்கே, ஊரைப் பார்த்து இருக்கட்டும். திரைக்குப் பின்னால் கட்டடம் இருந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் ஃபோகஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் யாரும் பாத்திரம் கழுவ வேண்டாம். இதைப் பிள்ளைகளிடமே காரணம் சொல்லி அறிவியுங்கள். முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஒலிஒளி_டெல்டா

சவுக்குத்தோப்பு அண்ணே சொன்னது தொழில்நுட்பத்துக்கும் பொருந்தும். கடற்கரைக் காற்றில் துணித்திரை பாய்மரம் ஆகிவிடும். 10 × 6 அடித் திரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் 12-13 கிலோ எடை தள்ளுவது போல. 40 கிலோமீட்டர் ஆனால் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு: 50 கிலோ. பிள்ளைகள் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சுவர் இருந்தால் சுவரையே திரையாக்குங்கள். மினுக்கம் இல்லாத வெள்ளை டிஸ்டம்பர் இரண்டு கோட் போதும். ஃப்ளெக்ஸின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கட்டுவார்கள், அது பளபளக்கும், நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும், ஓரத்தில் உட்கார்ந்தவனுக்குப் படமே தெரியாது. துணிதான் வழி என்றால் தடித்த காடாத்துணி, பின்னால் கறுப்புத் துணி. கறுப்பு இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் துணியைத் தாண்டிப் பின்பக்கம் போய்விடும். இரண்டு சவுக்குக் கம்பு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கயிறு, அடியில் 25 கிலோ மணல் மூட்டை இரண்டிரண்டு. ஓரம் ஓரமாக இறுக்கிக் கட்டாமல் இடையில் சைக்கிள் டியூப் துண்டு கோத்துக் கட்டினால் காற்று தள்ளும்போது துணி கொஞ்சம் கொடுத்து வாங்கும், கிழியாது.

அளவு 10 அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். அகலத்தை இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். 3,200 என்பது புது விளக்கின் கணக்கு, ஆயுள் முடியப்போகும் விளக்கில் அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். சாதாரண ப்ரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 10 அடித் திரைக்கு 15 முதல் 18 அடி. அதாவது மெஷின் பிள்ளைகளுக்கு நடுவில் வரும். நடுவில் 4 அடி வழி விட்டு மேசையைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைக்கும்.

பள்ளிக்கூட_மணி

அமாவாசை சனிக்கிழமையாகப் பார்த்து வைத்தால் படம் பளிச்சென்று இருக்குமா? ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்.

ஒலிஒளி_டெல்டா

நிலாவால் ஒன்றும் ஆகாது டீச்சர். முழு நிலா வெளிச்சம் ஒரு லக்ஸில் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) கால் பங்கு இருக்கும். திரையில் பழைய விளக்கிலும் 300 லக்ஸ் விழுகிறது. கெடுப்பது தெருவிளக்கு. பக்கத்துக் கம்பத்தின் எல்.ஈ.டி. 10, 15 லக்ஸ் திரையில் அடித்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், கடலுக்கடியில் எடுத்த காட்சி எதுவும் தெரியாது. பஞ்சாயத்தில் சொல்லி அந்த ஒரு விளக்கை மட்டும் 7 மணி முதல் 8.30 வரை அணைக்கச் சொல்லுங்கள்.

நாகையில் அந்த மாதங்களில் 6.25 வாக்கில் சூரியன் இறங்கும். 6.50-க்குள் இருட்டிவிடும். 7 மணிக்குத் தொடங்கினால் போதும். கோடை மழை பெய்த அன்று ஈசல் வரும், லென்ஸுக்கு முன்னால் மொய்த்துவிடும். 50 அடி தள்ளி ஒரு டியூப்லைட்டைப் போட்டுவைத்தால் கூட்டம் அங்கே போகும். அந்த விளக்கும் கடல் பக்கம் வேண்டாம்.

மின்சாரம்: ப்ரொஜெக்டர் 280 வாட், ஒலிபெருக்கி இரண்டும் சேர்ந்து உண்மையில் 100 வாட்டை ஒட்டி, லேப்டாப் 60. ஆக 440 வாட். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி போட்ட வீட்டு இன்வெர்ட்டர் இதை ஒன்றரை மணி நேரம் தாங்கும். கரண்ட் திடீரென்று போனால் விளக்கை விட மின்விசிறி நிற்பதுதான் ஆபத்து. சூடு உள்ளேயே தங்கி விளக்கின் ஆயுளைத் தின்னும், மறுபடி எரிய ஐந்து பத்து நிமிடம் பிடிக்கும். ப்ரொஜெக்டருக்கு மட்டும் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒன்று நடுவில் வைத்துவிடுங்கள். வயர் மூன்று கோர் 2.5 சதுர மில்லிமீட்டர், தொடக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). சுருளை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் சூடாகும்.

ஒலிக்கு 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, திரைக்கு இரு பக்கமும் ஸ்டாண்டில் 6 அடி உயரத்தில். குழாய் ஒலிபெருக்கி கோயில் பாட்டுக்குச் சரி, இதில் பேச்சு பிசிறும். பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள், மைக்செட்காரர் ஏற்றித்தான் வைப்பார். ப்ளூடூத்தில் இணைக்க வேண்டாம், உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும். 'ம்ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள். 10 மணிக்கு மேல் எப்படியும் கூடாது.

ஏட்டுச்சுருள்

படத்தின் உரிமை பற்றி யாரும் பேசவில்லை. யூடியூபில் இருக்கிறது என்பதால் ஊர்த்திடலில் போட அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனத்துக்கு ஒரு விலக்கு உண்டு: பள்ளி நடவடிக்கையாக, பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் காட்டலாம். ஆகவே பள்ளி மைதானத்தில், தேசிய பசுமைப் படை நிகழ்ச்சியாக, தலைமையாசிரியர் கையெழுத்துடன் வைப்பது எல்லா வகையிலும் பாதுகாப்பு. ஏலக்கூடத்தில் ஊரே கூடினால் கணக்கு வேறு. தணிக்கைச் சான்று பற்றிய கேள்வியும் வரும்.

படம் எடுத்தவருக்கே மெயில் எழுதுங்கள். தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் இல்லை, தமிழில் குரல் சேர்க்கலாமா என்று ஐந்து வரி. ஆவணப்படக்காரர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள், நல்ல தரமான கோப்பும் அனுப்புவார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தாலும் 'மாற்றக் கூடாது' என்ற வகையா என்று பாருங்கள். அந்த வகையில் தமிழ்க் குரல் சேர்ப்பதும் மாற்றம்தான்.

கோப்பு: எம்.பி.4, எச்.264, 1080. எச்.265 பழைய ப்ரொஜெக்டரில் ஓடாது, சில ஒலிவகைகளில் படம் ஓடியும் சத்தமே வராது. பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. தமிழ் வசனவரியைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் ப்ரொஜெக்டரின் சொந்த ப்ளேயரில் எழுத்து உடையும்: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். வரியைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். ஒரு வரிக்கு 25 எழுத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வரிக்கு மேல் வேண்டவே வேண்டாம். எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒன்று, 1080-இல் 54 புள்ளி. 10 அடித் திரையில் அது மூன்றரை அங்குலம் வரும், 35 அடி தள்ளி உட்கார்ந்த பிள்ளை படிக்கும்.

பள்ளிக்கூட_மணி

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வசனவரி ஓடும் வேகம் ஒத்துவராது. படிக்கிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. மூலக் குரலை நிறுத்திவிட்டு ஒருவர் மைக்கில் தமிழில் சொல்வதுதான் எடுபடும். ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் சொன்னதைத் தமிழில் அப்படியே மொழிபெயர்த்தால் ஒன்றரை நிமிடம் ஆகும். மூன்றில் ஒரு பங்கை வெட்டி, காட்சியில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லாமல் விட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடல் சத்தம், படகு சத்தம் மட்டும் இருக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்வது முக்கியம்.

நீளம் பற்றி. 50 நிமிடப் படத்தை முழுசாகப் போடாதீர்கள். 12 நிமிடம் எடுங்கள். அதையும் இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். ஆமை வலைக்குள் போகும் இடத்தில் நிறுத்தி 'இது இப்போது எத்தனை நேரம் தாங்கும்? மீன் தாங்குகிறதே, இது ஏன் தாங்காது?' என்று கேளுங்கள். நுரையீரலால் மூச்சு விடும் உயிர், மேலே வந்தாக வேண்டும் என்பதை ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். சொல்லிய பிறகு காட்சியை ஓட்டுங்கள். 'படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கடைசியில் கேட்டால் 'இயற்கையைக் காப்போம்' என்று ஒரே குரலில் வரும். அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை.

படத்துக்கு முன் வேலை பிரித்துக் கொடுங்கள். இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் ஆமை எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணட்டும். வலது பக்கம் வலையின் கண் எங்கே பெரிசு, எங்கே சிறிசு என்று பார்க்கட்டும். கவனம் இருட்டில் சிதறாது.

கடலோடி_தெற்கு

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தக் காட்சியைக் காட்டாமல் வலையின் கண், மூச்சு என்று பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று உறைக்காது. உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும்.

சவுக்குத்தோப்பு

நகரத்துப் பள்ளியில் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகள் கண் பிதுங்கி வீங்கிய ஆமையை மணலில் பார்க்காதவர்கள் இல்லை. திரையில் அதே காட்சி வரும்போது பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், அவர் விசைப்படகில் போகிறவர். பிள்ளைக்கு முன்னால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்த சனிக்கிழமை யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் பிள்ளை வாய் திறக்காது.

சாவைக் காட்டுவதற்கு முன் அது எப்படி நேர்கிறது என்பதைக் காட்டுங்கள். ஆமை விலக்கும் கருவி (ஆமையை வெளியே தள்ள மடிக்குள் பொருத்தும் கம்பிச் சட்டம்) படகுக்காரர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள்: பெரிய மீன் தப்புகிறது, குப்பையும் சொறியும் (ஜெல்லி மீன்) கம்பியில் அடைக்கிறது, மடி கனத்துப்போகிறது. அவை உண்மையான குறைகள்.

இதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கலாம். பழைய சைக்கிள் ரிம் ஒன்று, கம்பிகளைக் கழற்றிவிட்டு மூங்கில் குச்சிகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நெடுக்காகக் கட்டுங்கள். கொசுவலையை நீளமான பையாகத் தைத்து, அதன் நடுவில் ரிம்மைச் சாய்வாகப் பொருத்துங்கள், அடிப்பக்கம் வாய்ப்பக்கமாகவும் மேல்பக்கம் பின்தள்ளியும். ரிம்முக்கு மேல் வலையில் ஒரு வெட்டு, அதன்மேல் தொங்கும் ஒரு மடிப்பு. எலுமிச்சம்பழம் 20 இறால். கால்பந்து ஆமை. இரண்டு பிள்ளைகள் பையை இழுத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் பந்தையும் பழத்தையும் உள்ளே விடட்டும். 45 டிகிரி சாய்வு இருந்தால் பந்து கம்பிமேல் ஏறி வெட்டு வழியாக வெளியே போகும், பழம் பின்னால் சேரும். ரிம்மை நிமிர்த்தி வைத்தால் பந்து அங்கேயே நின்று வழியை அடைக்கும். மிகவும் படுக்க வைத்தால் பழமும் கூடவே வெளியேறும். சாய்வு கலைந்தால் கடலிலும் இதேதான் நடக்கிறது. இதைப் பார்த்ததும் அப்பாக்கள் எழுந்து வந்து 'இப்படிக் கட்டு' என்று திருத்துவார்கள். அந்த இடத்தில் மைக்கை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கடலோடி_தெற்கு

சரி, வரிசையை மாற்றலாம் என்று ஏற்றுக்கொள்கிறேன். செத்த ஆமை மூன்றாவது வாரம் வரட்டும், ஆனால் வரட்டும். அதோடு மடியில் மயங்கி வரும் ஆமையை என்ன செய்வது என்பதையும் காட்டுங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ளிவிடுகிறார்கள், மயக்கத்தில் இருப்பது மூழ்கிப்போகும். வயிறு தரையில் படும்படி கிடத்தி, பின்பக்கத்தை அரையடி தூக்கி வைத்தால் நுரையீரலிலிருந்து நீர் வடியும். நிழல், ஈரச்சாக்கு, மூக்கை மூடக் கூடாது. நாலு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும். தெளிந்ததும் இஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கம் மெதுவாக இறக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் இதை வீட்டில் சொன்னால் அடுத்த மாதமே படகில் பயன்படும்.

முருங்கன்பிட்டி

மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. குப்பை பற்றிய கிழமைக்கு இறந்த மீன், பறவை என்று தேடவேண்டாம், பிளாஸ்டிக் குருணையை (பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் மூலப்பொருள்) கொண்டு தொடங்கலாம். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது இந்தக் குருணை இலங்கைக் கரையெல்லாம் ஒதுங்கினது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 மூழ்கியதும் கேரளக் கரையில் அதே கதை. பிள்ளையளுக்கு இது 'எங்கேயோ நடக்கிறது' அல்ல.

படம் சனி இரவு என்றால் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போங்கோ. ஒரு மீட்டர் சதுரம் கயிற்றால் வளைத்து, அலை கடைசியாக ஏறின கோட்டில் வையுங்கோ. மேல் 5 சென்டிமீட்டர் மணலை வாளியில் போட்டுக் கடல் நீர் ஊற்றிக் கலக்கினால் மிதப்பதைத் தேநீர் வடிகட்டியால் எடுக்கலாம். குருணை 2 முதல் 5 மில்லிமீட்டர், பருப்பு மாதிரி இருக்கும், வெள்ளை அல்லது மங்கல் மஞ்சள். பிறகு அதே வாளியில் ஒரு துண்டு வலையும் ஒரு துண்டு கயிறும் போட்டுக் காட்டுங்கோ. பாலிஎத்திலின் கயிறு மிதக்கும். நைலான் வலை தாழும். தொலைந்த வலை ஏன் கண்ணில் படாமல் அடியில் கிடந்து மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று பிள்ளை தானே சொல்லிவிடும். கையுறை, செருப்பு கட்டாயம். ஆமைக் கூடு அடையாளம் வைத்த இடத்தில் மணலைத் தோண்டக் கூடாது.

பள்ளிக்கூட_மணி

இந்தக் காலை நடை இல்லாமல் படத்தை மட்டும் போட்டால் நான்கு வாரமும் வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

பயன் தெரிய ஒரு வழி: படத்துக்கு முன் அரைத்தாளில் 'வலையில் ஆமை எப்படிச் சாகிறது' என்று வரையச் சொல்லுங்கள். பலர் கழுத்தில் வலை இறுகுவதாகவோ ரத்தமாகவோ வரைவார்கள். மூன்று வாரம் கழித்து அதே தலைப்பு, அதே அரைத்தாள். மேல்பரப்பும் மூச்சும் படத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும்.

இன்னொன்று. பேரலை, புயல் காட்சி உள்ள படமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள், முடிந்தால் வெட்டிவிடுங்கள். 2004 டிசம்பர் 26 நாகையில் நடந்ததை மறக்காத அம்மாக்கள் பின்வரிசையில் இருப்பார்கள்.

நெய்தல்மணல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இப்போதைய திட்டம்: இடம் பள்ளி மைதானம், மேற்கு பார்த்த சுவருக்கு வெள்ளை அடிப்பது. 7 முதல் 8.15. முதல் வாரம் ஆமையின் மூச்சு, இரண்டாம் வாரம் மடியும் சைக்கிள் ரிம்மும், மூன்றாம் வாரம் ஒதுங்கிய ஆமைகளும் மயங்கிய ஆமைக்குச் செய்ய வேண்டியதும், நான்காம் வாரம் குருணை. நான்கிலும் ஞாயிறு காலை நடை. ஒத்திகை எப்போது வைப்பது?

ஒலிஒளி_டெல்டா

வெள்ளிக்கிழமை, அதே இடம், அதே 7 மணி. பகலில் பார்ப்பது ஒத்திகை ஆகாது. கடைசி வரிசை வரும் இடத்தில், தரையில், ஒரு பிள்ளையை உட்கார வைத்து எழுத்து படிக்க முடிகிறதா, குரல் புரிகிறதா என்று கேளுங்கள். நின்றுகொண்டு நீங்கள் பார்த்தால் தெரியாது. முடிந்ததும் மின்விசிறி தானாக நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். மறுநாள் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஊதக் கூடாது, மணல் உள்ளே போகும். உப்புக்காற்று ஊரில் இதை ஒவ்வொரு வாரமும் செய்தால்தான் நான்காவது சனிக்கிழமையும் மெஷின் ஓடும்.